தலைச்சுமைக்குச் சுங்கம் கிடையாது

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் கால் தானாகத் தென்காசி பஸ் ஷெட் பக்கம்தான் போகிறது. வீட்டில் இருந்து யாரோடு பேச? ஷெட்டுக்குப் போனால் நாலு டிரைவர்கள் திட்டிக்கொள்வதாவது காதில் விழும். போன வாரம் லாரி ஓட்டுகிற சங்கரன் செங்கோட்டையிலிருந்து வந்தான். இறங்கியதும் இறங்காததுமாக என்னைப் பார்த்துக் கத்தினான்.

“சவுக்கைல மறுபடியும் ஏத்திட்டான் அண்ணாச்சி! போன மாசம் ஒண்ணு கேட்டான், இந்த மாசம் ஒண்ணு கேக்கான். என்னலேன்னு கேட்டா போர்டப் பாருங்கான். நீங்களும் ஒரு காலத்துல இந்த எழவத்தான பாத்துக்கிட்டு இருந்திய? எதுக்கு இப்படி ஏத்திக்கிட்டே போறிய?”

செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்து ஊர். அங்கே எல்லையில் சாமான் வண்டிகளை மறித்து வரி வாங்குகிற இடத்துக்குத்தான் சவுக்கை என்று பெயர். அதற்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் இருந்தது நம் பக்கத்துச் சுங்கச்சாவடியில். அதை விட்டு வந்து, பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதி, யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பு வைத்து ஓட்டிய பஸ்களோடு மாரடித்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. மோட்டாருக்குத் தனி வரி வந்து, நான் இருந்த சாவடியையே பெயர்த்து எறிந்துவிட்டார்கள். இருந்தாலும் சங்கரன் ‘போறிய’ என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னான். ஒரு தடவை சுங்கக்காரன் என்று பேர் எடுத்தவன் கட்டையில் போகிற வரைக்கும் சுங்கக்காரன்தான்.

ஏன் ஏறுகிறது என்று அவனுக்கு அங்கேயே நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வடகரைக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தென்னந்தோப்பை அண்ணன் பார்த்துக்கொண்டான். நான் பார்த்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருந்த சாவடியில் சீட்டுக் கிழிக்கிற வேலை கிடைத்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்த பெரியவர் ஒரு வாரம் கூட இருந்து வேலை சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பதே பெரிய வார்த்தை.

“கயித்த விடாத. மூஞ்சியப் பாக்காத, சக்கரத்தப் பாரு. எவன்ட்டயும் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சிராத.”

அவ்வளவுதான் பாடம். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாலைக்குக் குறுக்கே நீளமான ஒரு தேக்குமரம். ஒரு முனையில் பழைய ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். மறுமுனையில் கயிறு. கயிற்றை அவிழ்த்தால் கல்லின் பாரத்தில் மரம் மேலே போகும். இழுத்து முளையில் கட்டினால் இடுப்பு உயரக் கவைக்கம்பில் இறங்கி நிற்கும். ஓரத்தில் ஓர் ஆள் போகிற அளவுக்குச் சந்து. நடந்து போகிறவர்கள் அதன் வழியாகப் போய்க்கொள்ளலாம். பக்கத்தில் ஓலைக் குடிசை, அதில் நான்.

வண்டி வந்து நின்றதும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். வெறுவண்டிக்கு ஒரு விலை, பாரவண்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. மூட்டை இருந்தாலும் பாரம், ஆள் உட்கார்ந்திருந்தாலும் பாரம். ஓட்டுகிறவன் மட்டும் கணக்கில் வரமாட்டான். காசை வாங்கி, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அதன் பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். கயிற்றை முதலில் தொட்டுவிட்டால் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அப்படிப் போன வண்டிக்குப் பின்னால் நான் ஓடியதும் உண்டு. போர்டில் கட்டண விவரம் எல்லாம் எழுதி, கடைசி வரியாக, ‘தலைச்சுமைக்குச் சுங்கம் கிடையாது’ என்று போட்டிருக்கும்.

இந்தக் கடைசி வரியை வைத்து வண்டிக்காரர்கள் செய்த கூத்து இருக்கிறதே! சாவடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்துவார்கள். மூட்டைகளை இறக்கித் தலையில் வைத்துச் சந்து வழியாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் அடுக்குவார்கள். வெறும் வண்டியை ஓட்டி வந்து பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். என் கண்ணுக்கு எதிரேயே நடக்கும். நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். சட்டப்படி சரிதான், என்ன சொல்ல? ஒரு மூட்டை கத்திரிக்காய்க்கு இத்தனை பாடா என்று கோபமும் வரும், சிரிப்பும் வரும். சிரித்தால் சேர்ந்து சிரிக்க ஆள் கிடையாது.

அந்தச் சாலையில் போகாத மனுஷர் கிடையாது. சாரல் காலம் வந்துவிட்டால் ஜமீன்தார் வீட்டுச் சாரட்டு, வக்கீல்மார் மோட்டார், பலாப்பழ வண்டி, அருவிக்குப் போகிற குடும்பங்கள் என்று விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும் ஓயாது. எல்லோரும் என் முன்னால் நின்றார்கள். ஒருத்தரும் என்னிடம் பேசவில்லை. காசை நீட்டுவார்கள், கைவிரல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல மேலேயிருந்து போடுவார்கள். பின்னால் நிற்கிறவனோடு வாய் நிறையப் பேசிக்கொண்டு வருகிறவன், மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வாயை மூடிக்கொள்வான். தாண்டியதும் மறுபடி பேச்சு தொடங்கும். எனக்கு ஊர்ச் செய்தி எல்லாமே பாதிப் பாதியாகத்தான் தெரியும்.

சங்கரன்கோவில் பக்கத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். எல்லாம் கூடி வந்து, பெண்ணின் அப்பா என் வேலையை விசாரித்தாராம். அண்ணன் வந்து சொன்னான். “எங்க ஊரு வண்டிக்காரன் பூராவும் அந்த ஆளத்தான கரிச்சுக் கொட்டுதான். அத்தன பேரு வாய்ல விழுதவனுக்கு எப்படிய்யா பொண்ணக் குடுக்க?” என்று கேட்டாராம். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி சங்கரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாவடியை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். அதிகம் கேட்கிறவருக்குக் குத்தகை. எங்கள் சாவடிக்குப் போட்டி போட்டவர்கள் இரண்டு பேர். கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை என்பதில் இருவருக்கும் பகை. ஏலத்தில் அவர்கள் சாலையைப் பார்த்துக் கேட்கவில்லை, வண்டியைப் பார்த்துக் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவனின் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டார்கள். ஒருத்தர் ஏற்ற, மற்றவர் ஏற்ற, ஜெயித்தவர் வெளியே வரும்போது தலையைத் தடவிக்கொண்டே வருவார். அந்தத் தொகையை யாரிடம் வாங்குவது? மறுநாள் போர்டுக்குப் புதுச் சாயம் அடிப்பார்கள். மாதத்துக்கு ஒரு தொகை என்று ஊர் வண்டிகளுக்கு இருந்த சலுகை ஒரு வருஷம் போயிற்று. வெறுவண்டிக்குப் பாதி விலை என்பது மட்டும் ஜில்லா போர்டு விதி என்பதால் தப்பியது. இரண்டு பேருடைய வீம்புக்குக் கத்திரிக்காய் வண்டிக்காரன் காசு கொடுத்தான். இதுதானப்பா சங்கரா, விஷயம்.

கடைசியாக ஏலம் எடுத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். முதலாளி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மெலிந்த ஆள். குரல் உயர்ந்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்கு ‘ராசா’தான். குதிரைவண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்து வருவார். வந்ததும் முதல் கேள்வி, “சாப்ட்டியா ராசா?” என்பதுதான். பதிலைக் கேட்கமாட்டார். பிறகு பெட்டியைத் தொடமாட்டார், சீட்டுக் கட்டையும் தொடமாட்டார். நேரே சாலைக்குப் போய்க் குனிவார்.

சாரலில் சாலை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பாரவண்டியின் சக்கரம் ஆழமாக இறங்கியிருக்கும், வெறுவண்டியின் தடம் மேலோடு போயிருக்கும். முதலாளி குடை நுனியைத் தடத்துக்குள் விட்டு விட்டு எடுத்துப் பார்ப்பார். “இது பாரம். இதுவும் பாரம். இது வெறுவண்டி. என்ன ராசா, சரியா?” என்று கேட்டுக்கொண்டே போவார். கிழித்த சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தப்பாது. அவரைக் கண்டு எனக்குப் பயம். அதே சமயம், அவர் வருகிற நாளில் குடிசையைக் கூட்டிப் பெருக்கி வைப்பேன். எப்படியானாலும் என்னைத் தேடி வருகிற மனுஷர் அவர் ஒருத்தர்தானே.

ஓர் ஆனி மாதத் தொடக்கத்தில், நன்றாக விடிந்தும் விடியாத நேரத்தில், கூண்டு போட்ட ஒற்றை மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சுப்பையா, கீழப்பாவூர்க்காரன். கூண்டுக்குள் ஒரு பெண். தலை சீவி நாள் கணக்காகியிருக்கும். கூண்டின் மூங்கில் வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆள் ஏறினால் பாரம் என்று நான் சீட்டைக் கிழித்தேன். அவன் காசைக் கொடுத்தான். கையில் வைத்துக் கொடுத்தான், மேலேயிருந்து போடவில்லை.

தினமும் வந்தார்கள். காலையில் போகும்போது ஒரு சீட்டு. பொழுது அடைவதற்குள் திரும்பினால் அதே சீட்டுச் செல்லும் என்பது அன்றைக்கு இருந்த வழக்கம். நாலைந்து நாள் கழித்து அவனாகவே சொன்னான்.

“என் வீட்டுக்காரி, அண்ணாச்சி. செண்பகம்னு பேரு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு இந்த வண்டிலதான் தென்காசி ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தோம். பாதி வழியிலயே, இவ மடியிலயே போயிட்டான். அன்னைலேருந்து பேச்சு இல்ல. வண்டிய விட்டு எறங்க மாட்டேங்கா. சோறு தண்ணி எல்லாம் வண்டிக்குள்ளதான். அருவில ஒரு மண்டலம் விடாம தலை குடுத்தா சித்தம் தெளியும்னு சொல்லுதாவ.”

நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துவார்கள். ஒரு மண்டலம் முழுவதும் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. விட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சீசனில் குற்றாலத்தில் தங்க இடம் கிடைக்காது, கிடைத்தாலும் அவனுக்குக் கட்டாது. அதனால் தென்காசியில் அத்தை வீட்டுத் தொழுவத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டான். விடியற்காலையில் அருவிக்குப் போய்த் திரும்பி வந்து, மற்ற நேரம் ரயில்வே ஸ்டேஷனில் கூலிப் பாரம் ஏற்றினான். அவள் மூட்டைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பாளாம். அருவிக்கரையில் அவளை வண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு போவான், தூக்கிக்கொண்டே வந்து வைப்பான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வருஷத்து ஏலம் முடிந்து, முதலாளி போர்டுக்குப் புதுச் சாயம் அடித்தார். கட்டணமும் ஏறிற்று, ஒரு சீட்டு ஒரு போக்குக்குத்தான் என்றும் ஆயிற்று. திரும்பி வர இன்னொரு சீட்டு. சுப்பையா போர்டுக்கு முன்னால் நின்று, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

“பாதிச் சம்பாத்தியம் இந்த மரத்துக்கே போயிருமே அண்ணாச்சி,” என்றான். “பாதி மண்டலம் தாண்டியாச்சு. இப்ப விட்டா இவ்வளவு நாளும் வீணால்லா போவும்.”

 நான் சாயம் அடிக்கிறவனும் இல்லை, அழிக்கிறவனும் இல்லை. அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் வந்தான். சாவடிக்கு முன்னாலேயே மாட்டை அவிழ்த்து, என் குடிசைக்குப் பக்கத்தில் இருந்த பூவரசில் கட்டினான். ஏர்க்காலுக்கு நடுவில் தானே போய் நின்று, தோளில் துண்டைப் போட்டு வண்டியை இழுத்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் வந்தான்.

“மாட்டு வண்டிக்குத்தான சுங்கம்? இது மனுச வண்டி. கையால இழுக்க வண்டிக்கு எவ்வளவு அண்ணாச்சி?”

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு வண்டி அந்தச் சாலையில் வந்ததே கிடையாது. எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. கயிற்றை அவிழ்த்தேன். குற்றாலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது நாக்குத் தள்ளிற்று. என் குடிசை வாசலில் வந்து உட்கார்ந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். “நீங்களும் குடிங்க அண்ணாச்சி,” என்று அவன் பாதியை எனக்குத் தள்ளினான். ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்காதே என்ற பெரியவரின் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. குடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவன் மாடு சாம்பல் பூத்த மயிலை நிறம், பெயரும் மயிலை. அதற்கு நான் வாய்க்கால் ஓரத்தில் புல் அறுத்து வைத்தேன். அவர்கள் போய் வருகிற வரைக்கும் மயிலையோடு பேசிக்கொண்டிருப்பேன். கஞ்சியில் இரண்டு பேருக்குச் சேர்த்து அரிசி போட்டேன். காலையில் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். சுப்பையா உட்கார்ந்து, கீழப்பாவூர்ச் செய்தி எல்லாம் முழுசாகச் சொல்லுவான். செண்பகம் கூண்டுக்குள்ளிருந்து என்னையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சுவரைப் பார்ப்பதுபோல என்னையும் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்வதானால், அந்த நாட்கள் எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தன. மண்டலம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று சுப்பையா ஆசையாக எண்ணுவான். நான் எழுந்து மயிலைக்குப் புல் போடப் போய்விடுவேன்.

ஒரு நாள் முதலாளி வந்தார். “சாப்ட்டியா ராசா?” என்றார். வழக்கம்போலச் சாலையில் குனிந்தார். குடை நுனியை விட்டார், எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்ன வண்டி ராசா? சக்கரம் இருக்கு, குளம்பக் காணுமே?” இன்னும் குனிந்தார். “நடுவுல மனுசக் காலுல்லா பதிஞ்சிருக்கு!”

நான் உள்ளதைச் சொன்னேன். கோபப்படவில்லை. நாளைக் காலையில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே சுப்பையாவிடம் சொல்லியிருக்கலாம் என்றால், அவன் அதற்கு முன்னாலேயே அருவிக்குப் போய்த் திரும்பியிருந்தான்.

மறுநாள் காலை முதலாளி எனக்கு முன்னாலேயே எழுந்து வந்து, என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தூறல். சுப்பையா மயிலையைப் பூவரசில் கட்டிவிட்டு வண்டியை இழுத்து வந்தான். அவனுக்குப் பின்னால் காய்கறி வண்டிகள் மூன்று. முதல் வண்டி இசக்கியுடையது. அவனும் கீழப்பாவூர்தான், வாய்க்குப் பேர்போனவன்.

“தம்பி, சீட்டு?” என்றார் முதலாளி.

“மாடு இல்லையே மொதலாளி.”

“போர்டுல வண்டின்னுதான போட்டுருக்கு? மாடுன்னு எங்க போட்டுருக்கு? வாசி, ஆறுமுகம்.”

ஆறுமுகம் நான்தான். வாசித்தேன். ‘ஒற்றை வண்டி, பாரத்துடன், ஒரு போக்குக்கு’ என்று இருந்தது. இழுப்பது யார் என்று எங்கேயும் இல்லை. அவர் சொன்னது சரி. அதுதான் அவரிடம் இருந்த சங்கடம், அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும்.

“சாயங்காலம் கூலி வாங்கி வந்து தந்துருதேன், மொதலாளி. காலைல கைல ஒண்ணும் கிடையாது.”

“தெனமும் இப்படித்தான ராசா போயிருக்க? இன்னைக்கு விட்டா நாளைக்கும் இதான். அந்தப் பிள்ளைய எறங்கி நடக்கச் சொல்லு. வெறுவண்டிக்குப் பாதிதான். அதக்கூட நான் பாத்துக்கிடுதேன்.”

அவருக்கு அது பெரிய தயவு. சுப்பையா வண்டிக்குள் கையை நீட்டினான். செண்பகம் கூண்டு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்தான். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை இல்லை, வார்த்தையும் இல்லை. கன்று செத்த பசு கத்துவதுபோல இருந்தது. பின்னால் நின்ற வண்டி மாடுகள்கூட மிரண்டன. சுப்பையா கையை எடுத்துவிட்டு, சக்கரத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

“முடிஞ்சுது,” என்றான். “எல்லாம் போச்சு அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாளு. அதுக்குள்ள போச்சு.”

 இசக்கி தன் வண்டியிலிருந்து குதித்து இறங்கி வந்தான்.

“ஏலே சுப்பையா, மூஞ்சியத் தொடச்சிக்கோ. கடையாணியப் புடுங்குலே.”

“என்னது?”

“கடையாணியப் புடுங்கி, சக்கரத்தக் கழத்து. சக்கரம் இல்லாட்டா அது வண்டியா?”

முதலாளி சிரித்தார். “அப்ப அது என்னவாம் ராசா?”

“சொமை,” என்றான் இசக்கி. “எங்க, வாசிங்க அண்ணாச்சி, கடேசி வரிய.”

அத்தனை வருஷத்தில் அந்தப் போர்டை நான் எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். அன்றைக்குப் போல நெஞ்சு அடித்துக்கொண்டு வாசித்ததில்லை. “தலைச்சுமைக்குச் சுங்கம் கிடையாது,” என்று உரக்க வாசித்தேன். முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கடையாணியைத் தட்டி எடுத்தார்கள். வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் கழற்றிச் சந்து வழியாக உருட்டி அந்தப் பக்கம் விட்டார்கள். கூண்டோடு சேர்ந்த வண்டிக்கூடு சாலையில் கிடந்தது. உள்ளே செண்பகம் வளையத்தை விடாமல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சுப்பையாவும் இசக்கியும், பின்னால் ஒரு மூலைக்கு இன்னொரு வண்டிக்காரர். மீதியிருந்த வண்டிக்காரர் மிரண்ட மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டுவிட்டு வர முடியாது. ஒரு மூலைக்கு ஆள் இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார்.

போய்க் குனிந்து தோளைக் கொடுத்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். மூன்று பேர் நிற்கிறார்கள், நாலாவதாக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். “ஏலே, ஒண்ணாத் தூக்குங்க! அம்மா தாயே, கெட்டியாப் பிடிச்சிக்கோ!” என்று இசக்கி கத்தினான். தூக்கினோம். சந்தில் வண்டிக்கூடு நுழையாது. கயிற்றை அவிழ்த்து மரத்தை உயர்த்தக் கை ஒழியவில்லை. அதனால் சுங்கமரத்தின் மேலேயே ஒரு நிமிஷம் வண்டிக்கூட்டை இறக்கி வைத்தோம். ஒவ்வொருத்தராக மரத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், மறுபடி தோள் கொடுத்து எடுத்தோம். தேக்குமரம் கிறீச்சிட்டது, ஒடியவில்லை. என் தோள்பட்டை உரிந்துவிட்டது. என் காதுக்குப் பக்கத்தில் இசக்கி பெருமூச்சு விட்டுக்கொண்டே முதலாளியின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். அவ்வளவு பக்கத்தில் நின்று ஒருத்தன் பேசிக் கேட்டு எனக்கு எத்தனை வருஷமாயிற்று!

அந்தப் பக்கம் இறக்கி, அச்சில் சக்கரத்தை மாட்டிக் கடையாணியை அடித்தார்கள். சுப்பையா ஏர்க்காலைப் பிடித்தான். அப்போது கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த கிணற்று ராட்டு மாதிரி இருந்தது.

“அவருக்குக் குடுத்தியளா?”

சுப்பையா திரும்பினான்.  “யா... யாருக்கு?”

“அவருக்குத்தான்.” செண்பகம் என்னைப் பார்த்தாள். “குடுத்துருங்க. பாவம். தெனமும் ஒத்தையிலல்லா நிக்காரு.”

சுப்பையா சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான். இசக்கி “பேசிட்டா! ஏலே, பேசிட்டாலே!” என்று தலைத்துண்டைச் சுழற்றி எறிந்தான்.  அந்தச் சாலையில் அத்தனை பேர் போனார்கள், வந்தார்கள். நான் தனியாக நிற்கிறேன் என்பதைப் பார்த்தவள், சித்தம் இல்லை என்று எல்லோரும் சொன்ன அவள் ஒருத்திதான்.

“எல்லாம் குடுத்தாச்சு தாயி. நீ போ,” என்றேன்.

சுப்பையா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வண்டியை இழுத்துக்கொண்டு போனான். மற்றவர்கள் இந்தப் பக்கம் வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் வண்டிகளை ஓட்டிப் போனார்கள். முதலாளியே கயிற்றை அவிழ்த்துவிட்டார். சாலை காலியானதும் என்னிடம் வந்தார். “சாப்ட்டியா ராசா?” என்றார். பிறகு கையை நீட்டினார். “பெட்டிச் சாவியத் தா.” கொடுத்தேன். பாக்கி நின்ற சம்பளத்தை எண்ணி என் கையில் வைத்தார். அதிலும் ஒரு காசு தப்பு இல்லை.

மயிலை கட்டிக்கிடந்ததால் நான் உடனே போக முடியவில்லை. காத்திருந்தேன். வெயில் வந்த பிறகு அவர்கள் திரும்பினார்கள். சுப்பையா வெறும் வண்டியை இழுத்து வந்தான். செண்பகம் ஈரத் தலையோடு அவன் பின்னால் நடந்து வந்தாள்! வண்டியைத் தொட்டுக்கொண்டுதான் வந்தாள், ஆனாலும் நடந்தாள். சந்து வழியாக நுழைந்து இந்தப் பக்கம் வந்தாள். வெறுவண்டிக்குள்ள பாதிச் சுங்கத்தை என் சம்பளத்திலிருந்து நானே முதலாளியிடம் கொடுத்தேன். அவர் மரியாதையாகச் சீட்டைக் கிழித்து என்னிடம் தந்தார். நான் கிழித்த சீட்டுகளுக்குக் கணக்குக் கிடையாது. காசு கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான்.

“நாளைக்கும் மயிலைய இங்கனயே கட்டிட்டுப் போவோம் அண்ணாச்சி. மண்டலம் முடியணும்லா,” என்றான் சுப்பையா.

வேலை போய்விட்டது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? “சரி, புல்லு அறுத்து வைக்கேன்,” என்றேன்.

அன்று வடகரைக்குப் போய் அண்ணன் வீட்டில் படுத்தேன். மறுநாள் விடியும் முன்பே எழுந்து நடந்தேன். வழியில் வாய்க்கால் ஓரத்தில் புல் அறுத்துக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு சாவடிக்கு வந்தேன். என் இடத்தில் புது ஆள் ஒருத்தன் நின்றான். அவனுக்கு என்னைத் தெரியாது. நான் பூவரசுக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்தேன். வண்டிகள் வந்தன, போயின. இசக்கி வந்தான்.

“சுப்பையாவ எங்க?” என்று கேட்டேன்.

“சுப்பையாவா? ரெண்டு பேரும் விடியமுன்னயே வயல் வரப்பு வழியா குறுக்க அருவிக்கு நடந்துல்லா போயிட்டாவ! அவதான் முன்னால போறா, இவன் பின்னால ஓடுதான். இனிமே அவுகளுக்கு வண்டி எதுக்கு, இந்தச் சாவடிதான் எதுக்கு?” என்று சொல்லிச் சிரித்தான். சீட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் முன்னால் நடக்கிறாள் என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும்? நானும் சிரித்தேன். இருந்தாலும் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்றேன். புது ஆள் என்னை இரண்டு மூன்று தடவை பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டே சத்தம் போட்டான்.

“யாருவே நீரு? வண்டி வாற வழில நிக்காதேரும். தள்ளி நில்லும்.”

தள்ளி நின்றேன்.